ஆக்சிடெண்டுக்கு அப்புறம் பையனும் நானும் போன கவுன்சிலிங் சென்டர் – என் ரிவ்யூ

திருச்சி தில்லைநகர்ல ஒரு கிராஸ்ல, கீழ மெடிக்கல் ஷாப்பு, மேல மாடியில இருக்குற ஒரு கவுன்சிலிங் சென்டர் பத்தி எழுதுறேன். பேரு போடல. பையன் ஸ்கூலு, சொந்தக்காரங்க எல்லாம் இதே ஊருதான், நாளைக்கு அவன் வளந்த பிறகு யாரும் அவன்கிட்ட வந்து நீதானே அதுன்னு கேட்டுடக் கூடாது. ஆனா எழுதாமலும் இருக்க முடியல, ஏன்னா நாங்க அலைஞ்ச அந்த அஞ்சு மாசத்துல தமிழ்ல இந்த மாதிரி ஒரு அனுபவம் படிக்க கெடைச்சிருந்தா எவ்வளவோ சீக்கிரம் போயிருப்போம்.

என்ன நடந்துச்சுன்னு சுருக்கமா சொல்லிடுறேன். 2023 ஆடி மாசம், குலதெய்வம் கோயிலுக்கு பெரம்பலூர் பக்கம் போய் பொங்க வச்சுட்டு ராத்திரி கார்ல திரும்பி வர்றோம், நான்தான் ஓட்டுறேன், பக்கத்துல மனைவி, பின்னாடி எங்க அம்மாவும் பையனும். அப்ப அவனுக்கு ஏழு வயசு. சிறுகனூர் தாண்டி நாலு வழிச்சாலையில ஒரு லாரி, லைட்டும் இல்ல, இண்டிகேட்டரும் இல்ல, ஓரமா நிப்பாட்டி வச்சிருந்தான், கிட்ட வந்த பிறகுதான் தெரிஞ்சுது, வலது பக்கம் ஒடிச்சேன், முன்னாடி தப்பிச்சுது, பின்னாடி இடது பக்கம் போய் மோதிருச்சு. அம்மா அங்கேயே போயிட்டாங்க. மனைவிக்கு காலர் எலும்பு உடைஞ்சுது. பையனுக்கு நெத்தியில ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான்.

"புள்ளைக்கு ஒண்ணும் ஆகல, அந்த ஆத்தாதான் காப்பாத்துனா"ன்னு வந்தவங்க எல்லாம் சொன்னாங்க, நாங்களும் அப்படித்தான் நெனச்சோம். காரியம் முடியிற வரைக்கும் அவன கொழுந்தியா வீட்டுல விட்டிருந்தோம், அப்பாயி எங்கன்னு கேட்டா சாமிகிட்ட போயிருக்காங்கன்னு சொல்லச் சொன்னோம். வீட்டுக்கு வந்த பிறகு அவன் கேக்கவே இல்ல. அப்பாயி போட்டோவுக்கு மால போட்டிருந்ததையும் பாக்காத மாதிரி போவான். மறந்துட்டான், நல்லதுதான், கிளறாதீங்கன்னு பெரியவங்க சொன்னாங்க, எங்களுக்கும் அந்தப் பேச்ச எடுக்க தெம்பு இல்ல, அதனால எங்க வீட்டுல யாரும் அதப் பத்தி வாயே திறக்கல.

ரெண்டு மாசத்துல ஆரம்பிச்சுது. மூணு வயசுலயே நின்ன படுக்கையில ஒண்ணுக்கு போறது திரும்ப வந்துச்சு. காலையில ஸ்கூல் வேன் வந்தா வயித்து வலி. பீடியாட்ரிஷியன் ஸ்கேன் எல்லாம் எடுத்து எல்லாம் நார்மல்னுட்டார். லாரி ஹாரன் கேட்டா காத பொத்திட்டு உக்காந்துடுவான். எனக்கு ரொம்ப பயமா இருந்தது அவன் விளையாட்டுதான், பொம்மை கார எடுத்து செவுத்துல மோதுவான், திரும்ப எடுத்து மோதுவான், சிரிக்கவும் மாட்டான் சத்தமும் போட மாட்டான், அரை மணி நேரம் அதே. இது எல்லாமே சின்ன பிள்ளைங்களுக்கு அதிர்ச்சி உள்ள தங்கிட்டா வர்ற அடையாளங்கள்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. வாயால சொல்லத் தெரியாதத விளையாட்டுலயும் வயித்துலயும் சொல்லிட்டிருந்திருக்கான்.

மாமியார் பயந்த கோளாறுன்னு சொல்லி நத்தர்ஷா பள்ளிவாசல்ல ஓதி தண்ணி தெளிச்சு கையில கருப்பு கயிறு கட்டிட்டு வந்தாங்க. அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல, அன்னைக்கு ராத்திரி கொஞ்சம் தூங்குனான்.

அப்புறம் ஒருத்தர்கிட்ட கூட்டிட்டு போனோம், இப்ப சொல்ற சென்டர் இல்ல, வேற இடம். உள்ள போன பத்தாவது நிமிஷம், எங்க ரெண்டு பேரையும் பக்கத்துல வச்சுகிட்டே, "அன்னைக்கு கார்ல என்ன நடந்துச்சு, அங்கிள்கிட்ட எல்லாத்தையும் சொல்லு பாப்போம்"னு கேட்டாரு. பையன் மூஞ்சி வெளுத்துருச்சு, படிக்கட்டு இறங்குறப்ப வாந்தி எடுத்துட்டான், அடுத்த மூணு நாள் தூக்கம் இல்ல. அங்க பத்து செஷனுக்கு மொத்தமா பணம் கட்டுனா டிஸ்கவுண்ட்னு வேற சொன்னாங்க. திரும்ப போகல. இத ஏன் சொல்றேன்னா, பேசாம மூடி வைக்கிறது எவ்வளவு தப்போ அதே அளவு தப்பு முதல் நாளே எல்லாத்தையும் கொட்டச் சொல்றது, இது ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி இருக்குன்னு எனக்கு தில்லைநகர் போன பிறகுதான் புரிஞ்சுது.

சரி சென்டருக்கு வர்றேன். 2024 ஜனவரி, பொங்கல் முடிஞ்சு போனோம். முதல் செஷனுக்கு பையன கூட்டிட்டு வராதீங்க, நீங்க ரெண்டு பேரும் மட்டும் வாங்கன்னு போன்லயே சொல்லிட்டாங்க. ஒன்றரை மணி நேரம். மேடம் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், ஆர்.சி.ஐ. பதிவு நம்பர் போட்ட சர்டிபிகேட் செவுத்துல மாட்டியிருக்கு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு சொல்லிக்கிறவங்க அந்த இந்திய மறுவாழ்வு கவுன்சில் பட்டியல்ல இருக்கணும், நீங்க எங்க போனாலும் தயங்காம கேளுங்க, கேட்டா கோவப்படுறவங்ககிட்ட போகாதீங்க. அவங்க முதல்ல சொன்னது ரகசியம் பத்தி. பையன் சொல்றது எல்லாத்தையும் உங்ககிட்ட ஒப்பிக்க மாட்டேன், முக்கியமானத அவன் சம்மதத்தோட சொல்லுவேன், ஆனா அவன் உயிருக்கு ஆபத்துன்னா சொல்லுவேன், பாலியல் தொந்தரவு மாதிரி ஏதாவது வெளிய வந்தா 2012 போக்சோ சட்டப்படி நான் புகார் சொல்லியே ஆகணும்னு தெளிவா சொன்னாங்க. எங்க விஷயத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லதான், ஆனா முதல் நாளே கண்ணப் பாத்து இதெல்லாம் சொன்னது எனக்கு நம்பிக்கை குடுத்துச்சு.

அவங்க பையனுக்கு செஞ்ச முறைக்கு பேரு டிராமா ஃபோகஸ்டு சி.பி.டி., அதாவது அதிர்ச்சியில மாட்டுன எண்ணத்தையும் பழக்கத்தையும் கொஞ்சம் கொஞ்சமா மாத்துற ஒரு பேச்சு சிகிச்சை. ஜூடித் கோஹன், ஆன்டனி மன்னரினோ, எஸ்தர் டெப்லிங்கர்னு மூணு அமெரிக்க நிபுணர்கள் பிள்ளைங்களுக்காகவே உருவாக்குனது. மூணு வயசுலேர்ந்து பதினெட்டு வரைக்கும் செய்யலாம், பொதுவா 12லேர்ந்து 16 செஷன், அப்பா அம்மாவுக்கும் அதே நாள்ல தனியா நேரம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2013ல குடுத்த வழிகாட்டுதல்ல பிள்ளைங்களுக்கும் பெரியவங்களுக்கும் சிபாரிசு பண்ணதுல இந்த வகையும் இருக்கு, ஈ.எம்.டி.ஆரும் இருக்கு (அது நான் எடுத்தது, கீழ சொல்றேன்).

முதல் நாலு வாரம் ஆக்சிடெண்ட் பேச்ச அவனா எடுக்கச் சொல்லி யாரும் கேக்கல. ஒரு ரூம், கீழ பாய், ஒரு தட்டு நிறைய மணல், சின்ன சின்ன பொம்மைங்க. அவங்கள அவன் அக்கான்னு கூப்பிட ஆரம்பிச்சான். சோப்பு தண்ணியில முட்டை ஊதச் சொல்லுவாங்க, பெருசா ஊதணும்னா மெதுவா மூச்சு விட்டாத்தான் வரும், வேகமா ஊதுனா உடைஞ்சிரும், மூச்சுப் பயிற்சின்னு ஒரு வார்த்தை சொல்லாமலே அவனுக்கு மூச்சு பழகிருச்சு. கையில எலுமிச்சம்பழம் இருக்குற மாதிரி நெனச்சு பிழிஞ்சு விடுறது, தேனீ மாதிரி முனகுறது, அப்புறம் பயம் மீட்டர்னு சுழியத்துலேர்ந்து பத்து வரைக்கும் ஒரு கோடு. "வேன் ஏறும்போது எத்தன?" "எட்டு." இப்படி நம்பர்ல சொல்ல ஆரம்பிச்ச பிறகு வீட்டுலயும் எங்களுக்கு அவன் மனசு புரிய ஆரம்பிச்சுது, அதுவரைக்கும் அடம்புடிக்கிறான்னுதான் திட்டிட்டு இருந்தோம்.

அவனுக்கு அவங்க சொன்ன ஒரு உதாரணம் நான் மறக்கவே மாட்டேன். தெரு நாய் ஒண்ணு ஒரு தடவ பைக்ல அடிபட்டுச்சுன்னா அப்புறம் எந்த பைக் வந்தாலும் தொரத்தி தொரத்தி குலைக்கும்ல, அது கெட்ட நாய் இல்ல, நம்மள காப்பாத்துறதா நெனச்சு குலைக்குது, உன் மூளைக்குள்ளயும் அப்படி ஒரு நாய்க்குட்டி இருக்கு, அதுக்கு எந்த வண்டி ஆபத்து எது ஆபத்து இல்லன்னு நாம ரெண்டு பேரும் சேந்து பழக்கி விடலாமான்னு கேட்டாங்களாம். அன்னைக்கு வீட்டுக்கு வந்து எங்ககிட்ட அவனே சொன்னான், நாய்க்குட்டிக்கு மணின்னு பேரும் வச்சிருந்தான். (பெரியவங்க செஷன்ல அதுக்கு அமிக்டலான்னு பேரு சொல்லி படம் போட்டு காட்டுனாங்க, எனக்கு மணிதான் ஈஸியா புரிஞ்சுது.) கையில கட்டியிருந்த கருப்பு கயிற பத்தி நான் கொஞ்சம் கூச்சத்தோட கேட்டதுக்கு, "இருக்கட்டும் சார், அவனுக்கு அது தைரியம்னா கழட்ட வேண்டாம்"னாங்க. இதுக்காகவே அவங்கள எனக்கு புடிச்சுப் போச்சு.

அப்புறம் கார். முதல் வாரம் நிக்கிற கார்ல சும்மா உக்காரணும், எஞ்சின் கிடையாது. அடுத்து எஞ்சின் மட்டும். அடுத்து எங்க தெருவ ஒரு சுத்து. மீட்டர்ல நாலுக்கு கீழ இறங்குற வரைக்கும் அடுத்த படி கிடையாது. பகல்ல பைபாஸ் போக ஏழு வாரம் ஆச்சு. நடுவுல ஒரு நாள் நான் அவசரப்பட்டு ஜங்ஷன் வரைக்கும் கூட்டிட்டு போய், லாரிக்கு பின்னாடி மாட்டி, அவன் கத்தி, ரெண்டு வாரம் பின்னாடி போயிட்டோம். மேடம் திட்டல, மறுபடி முதல் படியிலேர்ந்து போலாம்னாங்க.

அஞ்சாவது செஷன்லேர்ந்து புத்தகம். ஏ4 பேப்பர மடிச்சு ஸ்டேப்ளர் அடிச்சு அவனே ஒரு புத்தகம் செய்யிறான், வாரம் ஒரு பக்கம். முதல் பக்கம் அவனும் அப்பாயியும் முறுக்கு சுத்துறது. அடுத்து கோயில், பொங்கல், ஆடு. அப்புறம் கார். அப்புறம் சத்தம். படம் வரைவான், அவன் சொல்லச் சொல்ல மேடம் எழுதுவாங்க, ஒவ்வொரு வாரமும் முதல் பக்கத்துலேர்ந்து திரும்ப படிக்கணும், படிக்க படிக்க பயம் மீட்டர் இறங்குது, நடுவுல ஏறுச்சுன்னா நிறுத்திட்டு சோப்பு முட்டை. இந்த "கதையா சொல்லி முடிக்கிறது" பல சிகிச்சை முறைகள்ல இருக்கு போல, சுனாமிக்கு அப்புறம் இலங்கை வடகிழக்குல முகாம்ல இருந்த 31 பிள்ளைங்ககிட்ட ஒரு ஆராய்ச்சி செஞ்சாங்களாம், பாதி பேர் ஆறு செஷன் நடந்தத வரிசையா சொன்னாங்க, பாதி பேர் ஆறு செஷன் தியானமும் உடம்ப தளர்த்துறதும் பண்ணாங்க, ஆறு மாசம் கழிச்சு பாத்தா ரெண்டு பக்கமும் பெரும்பாலான பிள்ளைங்க தேறியிருந்தாங்க. இத கேட்டப்ப எனக்கு காலேஜ் ஹாஸ்டல்ல என் ரூம்மேட் ஞாபகம் வந்துச்சு. நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டை பையன், 2004ல வீட்டுல ரெண்டு பேர பறிகொடுத்தவன். மழை பேஞ்சா ராத்திரி எந்திரிச்சு வராண்டாவுல போய் உக்காந்துக்குவான். நாலு வருஷம் ஒரே ரூம், ஒரு நாள் கூட நாங்க யாரும் அவன்கிட்ட கேட்டதில்ல, கேக்காம இருக்குறதுதான் மரியாதைன்னு நெனச்சோம்.

ஒன்பதாவது செஷன். வெளிய பெஞ்சுல உக்காந்திருந்த என்ன மேடம் தனியா கூப்பிட்டு, அவன் சரின்னு சொல்லிட்டான் அதனால சொல்றேன்னு ஒரு விஷயம் சொன்னாங்க. கார்ல முதல்ல பையன்தான் இடது பக்கம் உக்காந்திருந்தான். நிலா தெரியலன்னு சொல்லி, "அப்பாயி நீ இந்தப் பக்கம் வா"ன்னு அவன்தான் இடம் மாத்தியிருக்கான். பத்து நிமிஷத்துல லாரி. அவனாலதான் அப்பாயி செத்துப் போச்சுன்னு ஏழு மாசமா ஒரு ஏழு வயசு புள்ள நெஞ்சுல வச்சுகிட்டு, யார்கிட்டயும் சொல்லாம, பொம்மை கார செவுத்துல மோதிட்டு இருந்திருக்கான். நாங்க அவன் மறந்துட்டான்னு சந்தோஷப்பட்டுட்டு இருந்திருக்கோம்.

நான் உடனே உள்ள ஓடிப்போய் உன் மேல தப்பு இல்லடான்னு சொல்லணும்னு எந்திரிச்சேன், மேடம் கையக் காட்டி உக்காரச் சொன்னாங்க. நீங்க சொன்னா அவன் வாயத்தான் மூடுவீங்க, அவனே கண்டுபிடிக்கட்டும்னாங்க. அடுத்த வாரம் ஒரு தோசை வரையச் சொல்லியிருக்காங்க. இது அந்த ஆக்சிடெண்டோட பழி, யார் யாருக்கு எவ்வளவு துண்டுன்னு நீயே பிரிச்சுக் குடு. முதல்ல பாதி தோசை தனக்கே எடுத்துகிட்டான். அப்புறம் லைட் போடாம நிறுத்துன லாரிக்காரருக்கு, இருட்டுக்கு, அப்பாயி பெல்ட் போடாததுக்கு, ஒவ்வொண்ணா பேசி பேசி பிரிக்க, அவன் துண்டு சின்னதாச்சு. நிலா பாக்கணும்னு ஆசைப்படுறது தப்பான்னு கேட்டதுக்கு இல்லன்னு தலையாட்டியிருக்கான். அதுக்கும் அடுத்த வாரம் அவன் துண்ட ரப்பர் வச்சு அவனே அழிச்சான். அந்த பேப்பர் எங்க பீரோவுல இருக்கு.

பன்னெண்டாவது செஷன்ல எங்க ரெண்டு பேருக்கும் முன்னாடி புத்தகத்த படிச்சான். அதுக்கு முன்னாடி மூணு தடவ எங்கள தனியா வச்சு அத படிச்சுக் காட்டி பழக்குனாங்க, அவன் படிக்கும்போது நாங்க உடைஞ்சுட்டா அவன் திரும்ப வாய மூடிக்குவான்னு. அழலாம், ஆனா ஓடக் கூடாது, நிறுத்தச் சொல்லக் கூடாது. படிச்சு முடிச்சான். நான் அவன்கிட்ட, நான் ஓட்டுனதாலதான் அப்பாயி போச்சுன்னு அப்பாவும் நெனச்சுட்டு இருந்தேன்டா கண்ணுன்னு சொன்னேன். என்ன கொஞ்ச நேரம் பாத்துட்டு, "நீயும் தோசை போட்டியாப்பா?"ன்னு கேட்டான்.

நான் போட்டிருக்கல. அதுக்கு அப்புறம்தான் எனக்காக போனேன். அதே சென்டர்ல பெரியவங்களுக்கு வேற ஒரு சார் பாக்குறார். ராத்திரி பன்னெண்டு மணிக்கு கண்ணாடி உடையிற சத்தம் கேட்டு எந்திரிக்கிறது, அம்மா கையில இருந்த வளையல் மட்டும் கண்ணுல வர்றது, நாலு வழிச்சாலைய தவிர்க்குறதுக்காக ஆபீஸ் வேலைய மாத்திக் கேட்டது, எல்லாத்தையும் அவர்கிட்டதான் முதல் தடவையா சொன்னேன். ஈ.எம்.டி.ஆர்னா மனசுல அந்த காட்சிய வச்சுகிட்டே அவர் கைவிரல் இப்படியும் அப்படியும் போறத கண்ணால தொடரணும், கொஞ்ச நேரம் செஞ்சு நிறுத்தி இப்ப என்ன வருதுன்னு கேப்பார். ஹிப்னாடிசம் கிடையாது, முழு நினைவோடதான் இருப்போம். பிரான்சின் ஷாபிரோன்னு ஒரு அமெரிக்க அம்மா 1980கள் கடைசியில கண்டுபிடிச்சது. அந்த கண்ணசைவுதான் வேலை செய்யுதா இல்ல அந்த நினைவ பயமில்லாம திரும்ப பாக்குறதுதான் வேலை செய்யுதான்னு விஞ்ஞானிகளுக்குள்ளயே வாக்குவாதம் இருக்குன்னு அந்த சாரே சொன்னார், மறைக்கல. எனக்கு எட்டு செஷன் ஆச்சு. ரெண்டாவது மூணாவதுக்கு அப்புறம் உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும், அன்னைக்கு வண்டி ஓட்டாதீங்க, யாரையாவது கூட்டிட்டு போங்க. இப்ப அம்மா ஞாபகம் வந்தா வளையலுக்கு முன்னாடி அவங்க மூஞ்சி வருது. நடுவுல தூக்கத்துக்காக ஒரு சைக்யாட்ரிஸ்ட்கிட்ட அனுப்புனாங்க, ஆறு மாசம் மாத்திரை எடுத்தேன், அவரே படிப்படியா குறைச்சு நிறுத்துனார். மாத்திரைன்னா பயப்படாதீங்க, நீங்களா நிறுத்தவும் செய்யாதீங்க.

இப்ப குறைகள். முதல் செஷன் 1500 ரூபா, அப்புறம் ஒவ்வொண்ணும் ஆயிரம், பையனுக்கு மொத்தம் 17 செஷன், எனக்கு எட்டு, கூட்டிப் பாத்துக்குங்க, நான் பி.எஃப்.லேர்ந்து எடுத்தேன். மனநலத்துக்கும் உடம்பு நோய் மாதிரியே இன்சூரன்ஸ் குடுக்கணும்னு 2017 மனநலச் சட்டம் சொல்லுது, ஆனா என் பாலிசி அட்மிட் ஆனாத்தான் பணம் தருது, இப்படி வந்துட்டு போற கவுன்சிலிங்குக்கு ஒரு பைசா வரல. வெயிட்டிங் இடம் ரொம்ப சின்னது, ரெண்டு ரூமுக்கும் நடுவுல பிளைவுட் தடுப்புதான், ஒரு நாள் உள்ள ஒரு பொண்ணு அழுவுறது வெளிய கேட்டுச்சு, பையன் என் கைய புடிச்சுகிட்டான், இது சென்டர் உடனே சரி பண்ண வேண்டிய விஷயம், நேர்லயும் சொல்லிட்டேன், இப்ப ஒரு ஃபேன வேகமா ஓட விடுறாங்க, அது போதாது. ரிசப்ஷன்ல பேர சத்தமா கூப்பிடுறதையும் நிறுத்தணும். லிஃப்ட் கிடையாது. ஞாயித்துக்கிழமை லீவு.

இவ்வளவு செலவு முடியாதவங்களுக்கு: 14416, டெலிமானஸ்ங்கிற மனநல உதவி போன் நம்பர், 2022 அக்டோபர் 10ல மத்திய அரசு ஆரம்பிச்சது, இலவசம், ராத்திரி பகல் எந்நேரமும், தமிழ்ல பேசலாம். நான் ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு கூப்பிட்டேன், ஒரு பொண்ணு எடுத்து அவசரப்படாம நாப்பது நிமிஷம் கேட்டாங்க, அந்த ராத்திரிய தாண்ட அது போதுமா இருந்துச்சு. புள்ளைங்களுக்கு ஆபத்துன்னா 1098. அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, கூட்டமா இருக்கும், நேரம் குறைவா கெடைக்கும், ஆனா காசு கிடையாது, பாக்குறவங்க படிச்ச டாக்டர்கள்.

அஞ்சுக்கு நாலரை குடுக்குறேன், அந்த அரை பிளைவுட் தடுப்புக்கு.

2024 ஆடியில குலதெய்வம் கோயிலுக்கு போனோம், பகல்ல, எல்லாரும் பெல்ட் போட்டு. போகலாமான்னு கேட்டது பையன்தான். சிறுகனூர் வந்ததும் மீட்டர் எத்தனன்னு கேட்டேன், "அஞ்சு, உனக்கு?"ன்னான். எனக்கு ஏழுன்னு உண்மைய சொன்னேன். பின்னாடியிருந்து, "அப்ப முட்டை ஊதுப்பா"ன்னான். வண்டிய ஒரு டீக்கடை பக்கம் ஓரங்கட்டுனேன், இண்டிகேட்டர் நாலையும் போட்டுட்டு.

சனிக்கிழமை ஸ்லாட் வேணும்னா ரெண்டு வாரம் முன்னாடியே போன் பண்ணிடுங்க, கடைசி நேரத்துல கெடைக்காது.